பாப்லின், ஆக்ஸ்ஃபோர்டு, லினன்: ஒரு சாதாரணச் சட்டைக்கு எதனோடு எது சேரும்?

அலங்காரம் எதுவும் இல்லாத ஒற்றை நிறச் சட்டையை வாங்கும் ஆண்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதை எந்த நிறப் பேன்ட்டோடு அணிவது என்ற கேள்வியும் உடனே வந்துவிடுகிறது. ஆனால் வெள்ளை, வெளிர் நீலம், சாம்பல் போன்ற அடிப்படை நிறங்கள் ஏறத்தாழ எல்லாவற்றோடும் ஒத்துப்போகக்கூடியவை என்பதால், அவற்றை அணிபவரின் தோற்றம் நிறத்தால் கெடுவது அரிது. கெடுப்பவை பெரும்பாலும் துணியின் நெசவும், சட்டையின் கீழ்விளிம்பு வெட்டப்பட்டிருக்கும் விதமும்தான். ஒரே வெளிர் நீலத்தில், ஒரே அளவில், பாப்லினில் ஒன்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்று, லினனில் ஒன்று என மூன்று சட்டைகளை அருகருகே தொங்கவிட்டுப் பார்த்தால், அவை மூன்றும் ஒரே இடத்துக்கு அணிந்து செல்லக்கூடியவை அல்ல என்பது சொல்லாமலே விளங்கும்.

முதலில் பாப்லின். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் மாறி மாறி மேலும் கீழுமாகச் செல்லும் மிக எளிய நெசவு இது. நூல்கள் மெல்லியவையாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், துணியின் மேற்பரப்பு வழவழப்பாகவும் வெளிச்சத்தில் இலேசான மினுமினுப்போடும் தெரியும். கோட்டுக்கு உள்ளே டையோடு அணிவதற்கு இது மிகவும் பொருத்தமானது. சாதாரண உடையில் அதுவே குறையாகிவிடுகிறது. டை முடிச்சைத் தாங்குவதற்காகக் கேன்வாஸ் வைத்துத் தைக்கப்பட்ட காலர், டை இல்லாமல் மேல் பட்டனைக் கழற்றியதும் இரு பக்கமும் சரிந்து தோளில் படுத்துக்கொள்ளும். கீழே வெளுத்த ஜீன்ஸ் இருந்தால், அலுவலகத்திலிருந்து திரும்பியவர் பேன்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

பாப்லினுக்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. வெள்ளையில் வாங்கினால் உள்ளே இருப்பது தெரியும். பலரும் செய்வதுபோல உள்ளே வெள்ளைப் பனியன் போட்டால் அதன் கைவிளிம்பும் கழுத்து வளைவும் இன்னும் துலக்கமாகத் தெரியும். தோல் நிறத்துக்கு நெருக்கமான நிறத்திலோ இளஞ்சாம்பலிலோ பனியன் அணிந்தால் அந்தக் கோடுகள் அடங்கிவிடும். இரண்டாவது தொல்லை கசங்கல். பருத்தி இழையில் ஈரம் ஏறும்போது அதன் மூலக்கூறுத் தொடர்களுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து, உலரும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மீண்டும் இறுகிவிடுகின்றன. வியர்வையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் முதுகில் விழும் மடிப்பு எழுந்து நின்ற பிறகும் போகாததற்கு அதுவே காரணம். மெல்லிய துணியில் அந்த மடிப்பு பளிச்சென்று தெரியும். கசங்காத சட்டை என்று விற்கப்படுபவற்றில் அந்தத் தொடர்களை வேதிப்பொருளால் குறுக்கே பிணைத்திருப்பார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ரூத் பெனெரிட்டோவின் ஆய்வுகளுக்கு இந்த முறையின் வளர்ச்சியில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பிணைப்பு இழையின் வலுவைக் குறைத்துவிடும் என்பதால், இத்தகைய சட்டைகள் காலர் மடிப்பிலும் கஃப் ஓரத்திலும் சீக்கிரம் தேய்ந்து நூல் பிரியக்கூடும்.

ஆக்ஸ்ஃபோர்டின் கதை வேறு. இதில் இரண்டு பாவு நூல்கள் ஒட்டியபடி ஒன்றாகச் சென்று, தடித்த ஒரு ஊடை நூலோடு கூடையின் முடைவைப் போலப் பின்னிக்கொள்கின்றன. வெளிர் நீல ஆக்ஸ்ஃபோர்டில் பெரும்பாலும் பாவு நீலமாகவும் ஊடை வெள்ளையாகவும் இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் ஒரே நிறமாகவும், கண்ணருகே கொண்டுவந்தால் நீலமும் வெள்ளையும் புள்ளி புள்ளியாகவும் தெரிவதற்கு அதுவே காரணம். மினுமினுப்பு இல்லாத அந்தச் சொரசொரப்புதான் இந்தச் சட்டையின் பலம், ஏனெனில் ஜீன்ஸ், சினோஸ் எனப்படும் பருத்திப் பேன்ட், தோல் பெல்ட், கேன்வாஸ் ஷூ எனச் சாதாரண உடையின் மற்ற உறுப்புகள் எல்லாமே சொரசொரப்பானவை. மேலும், இது கனமான துணி என்பதால் உள்ளே இருப்பதை எளிதில் காட்டிக்கொடுக்காது, கசங்கினாலும் மெல்லிய துணி அளவுக்குத் தெரியாது.

இதன் காலரைத் தனியே கவனிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுச் சட்டைகளில் காலரின் முனைகளைச் சட்டையோடு சேர்த்துப் போடும் சிறு பட்டன்கள் இருப்பது வழக்கம். 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் இந்த வகைக் காலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் போலோ ஆடியவர்கள் ஓட்டத்தில் காலர் படபடக்காமல் இருக்க அதைப் பட்டன் போட்டு அடக்கியிருந்ததைக் கண்டே அந்த யோசனை தோன்றியது என்பது அந்நிறுவனம் சொல்லிவரும் வரலாறு. விளையாட்டுக்காக வந்த அந்த ஏற்பாடு டை கட்டாதவருக்குப் பெரிய உதவியாக அமைந்துவிட்டது. முனைகள் பிடித்துவைக்கப்பட்டிருப்பதால், மேல் பட்டனைத் திறந்துவிட்டாலும் காலர் சரியாமல் கழுத்தை ஒட்டி நிற்கும். வாங்கும்போது அந்த முனைப் பட்டன்களைப் போட்டுப் பார்த்து, காலர் பலகைபோலத் தட்டையாகப் படிகிறதா, மெல்லிய வளைவோடு சற்றே புடைத்து இறங்குகிறதா என்று கவனிப்பது நல்லது. வளைவு விழுந்தால் காலரின் நீளம் போதுமானதாகவும் உள்ளே வைத்த கேன்வாஸ் மென்மையாகவும் இருக்கிறது என்று கொள்ளலாம். முனைப் பட்டன்களைப் போடாமல் தொங்கவிடுவது ஒரு பாணி என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அது மறந்துபோனதாகவே தெரிகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு தோற்கும் இடம் வெப்பம். ஈரமும் வெயிலும் சேர்ந்த நாளில் அந்தத் தடிமன் உடலோடு ஒட்டிக்கொள்ளும், துவைத்தாலும் காய நேரம் எடுக்கும். அங்கே வெல்வது லினன். ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கப்படும் இந்த இழை, இயல்பான சூழலில் தன் எடையில் சுமார் 12 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. பருத்திக்கு அது சுமார் 8.5, பாலியஸ்டருக்கோ 0.4தான். லினன் நூல் விறைப்பானது என்பதால் துணி தோலில் ஒட்டாமல் விலகி நிற்கும், இடையே காற்று போய்வரும். ஆனால் அதே விறைப்பினால் நீண்டு கொடுக்கும் தன்மை இழையில் மிகக் குறைவு. மடங்கினால் மடங்கிய இடத்திலேயே கோடு விழும். ஆகவே லினன் சட்டையை நாள் முழுவதும் கத்தி மடிப்போடு வைத்திருக்க நினைப்பது வீண். இலேசான ஈரத்தோடு காலையில் ஒருமுறை இஸ்திரி போட்டுவிட்டு, பிறகு விழும் சுருக்கங்களை அதன் போக்கில் விட்டுவிடுபவருக்குத்தான் அந்தச் சட்டை அழகாக அமையும். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப அழுத்தி மடித்தால் அங்கே இழை உடையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுருக்கத்தைப் பொறுக்க முடியாதவர்கள் லினனும் பருத்தியும் கலந்த துணியை எடுக்கலாம். குளிர்ச்சி சற்றுக் குறையும், கோடுகளும் சற்றுக் குறையும்.

ஷாம்ப்ரே பற்றி நீட்ட வேண்டியதில்லை. நீலப் பாவும் வெள்ளை ஊடையும் கொண்ட எளிய நெசவு அது. பார்ப்பதற்கு ஜீன்ஸ் துணியான டெனிம் போல இருந்தாலும் டெனிமின் சாய்வுக் கோடுகள் அதில் இருக்காது. அதே நீலத்தில் ஜீன்ஸ் அணியாதவரை தவறாகப் போவதற்கு அதில் எதுவும் இல்லை.

இனி இடுப்புக்குக் கீழே வருவோம். ஜீன்ஸ் உழைப்பாளிகளின் உடையாகப் பிறந்தது. பாக்கெட் மூலைகளில் செம்பு ரிவெட் (தலை தட்டிய ஆணி) அடிக்கும் முறைக்குத் துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸும் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் 1873ஆம் ஆண்டு மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். அந்த முரட்டுத்தனம் இன்னும் அதன் தையலில் தெரிகிறது என்பதால், மேலே அணியும் துணியும் ஓரளவு முரட்டுத்தனத்தைத் தாங்கியாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு தாங்கும். பாப்லின், வெளுக்காத அடர் நீல ஜீன்ஸோடு மட்டும் ஒருவாறு சமாளிக்கும். லினனுக்கு ஜீன்ஸ் சரியான இணை அல்ல: மேலே காற்றோட்டம், கீழே கனம் என்று ஒரே உடலில் இரண்டு பருவங்களை அணிந்துகொள்வதில் வசதியும் இல்லை, தோற்றமும் இல்லை. சினோஸ் இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது. அதுவும் சாய்வு நெசவுப் பருத்திதான். ஆனால் ஒரே நிறத்தில் சாயம் ஏற்றப்பட்டு, ரிவெட்டும் தடித்த தையலும் இல்லாமல், அமைதியாக இருப்பதால் மேலே வரும் துணியோடு போட்டியிடுவதில்லை. வெளிர் நீலச் சட்டைக்கு மணல் நிறமும், வெள்ளைச் சட்டைக்கு அடர் நீலமோ ஆலிவ் பச்சையோ நன்றாக அமையும். ஒரே ஒரு பேன்ட் வாங்கும் நிலையில் இருப்பவருக்கு, ஜீன்ஸ் பிரியர்கள் கோபித்துக்கொண்டாலும், நான் சினோஸைத்தான் சொல்வேன்.

சட்டையை இன் செய்வதா, வெளியே விடுவதா என்ற வழக்கைப் பெரும்பாலும் சட்டையே தீர்த்துவைத்துவிடுகிறது, நாம்தான் தீர்ப்பைப் படிப்பதில்லை. கீழ்விளிம்பு முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் மேலேறி வளைந்திருந்தால், அது உள்ளே விடுவதற்காக வெட்டப்பட்ட சட்டை. உட்கார்ந்து எழும்போது வெளியே வந்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் கூடுதல் நீளம். அதை வெளியே விட்டால் பின்பக்கம் தொடை வரை தொங்கும். உயரம் குறைவானவருக்குக் கால் இன்னும் குட்டையாகத் தெரியும். கீழ்விளிம்பு நேராக வெட்டப்பட்டு, பக்கத்தில் சிறு திறப்போடு இருந்தால் அது வெளியே விடுவதற்கானது. வெளியே விடும் சட்டையின் விளிம்பு பேன்ட் ஜிப்பின் நடுப்பகுதியில் முடிவதும், பின்பாக்கெட்டை முழுவதும் மறைக்காமல் இருப்பதும் சரியான அளவு. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்கும்போது வயிறு தெரிந்தால் அது அளவுக்கு மீறிக் குட்டை.

வயிறு சற்று முன்தள்ளியவர்கள் சட்டையை வெளியே விட்டால் அது மறையும் என்று நம்புகிறார்கள். உண்மையில் துணி வயிற்றின் மிகவும் புடைத்த இடத்திலிருந்து நேராகக் கீழே விழுவதால் இடுப்பு முழுவதும் அதே அகலத்தில் தெரிகிறது. இடுப்பில் சற்று மேலேறி நிற்கும் பேன்ட்டுக்குள் சட்டையை விட்டு, பக்கவாட்டில் மிகுந்த துணியைப் பின்னோக்கி மடித்துவைத்தால் உருவம் ஒழுங்காகத் தெரியும். இன் செய்த சட்டை அடிக்கடி வெளியே வந்துவிடுகிறது என்று குறைப்படுபவர்கள் சட்டையைப் பழிக்கும் முன் பேன்ட்டைப் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே நழுவி நிற்கும் ஜீன்ஸில் எந்தச் சட்டையும் தங்காது. முன்பக்கம் மட்டும் பாதி உள்ளே, மற்றது வெளியே என்ற பாணி, புகைப்படம் எடுக்கும் நிமிடத்தைத் தாண்டி நிலைப்பதில்லை.

முழுக்கையா, அரைக்கையா என்றால், முழுக்கையை மடித்துவிடுவது பெரும்பாலும் வெல்லும், ஏனெனில் ஒரே சட்டை இரண்டு வேலை செய்கிறது. கஃபின் அகலத்தையே அளவாகக் கொண்டு இரண்டு மூன்று முறை மடித்து முழங்கைக்குக் கீழே நிறுத்துவது எளிய வழி. நாள் முழுவதும் அவிழாமல் இருக்க வேண்டுமென்றால், கஃபை ஒரே இழுப்பில் முழங்கை வரை புரட்டி, பிறகு கீழே தொங்கும் மடிப்பை மேல்நோக்கி ஒருமுறை மடித்து, கஃபின் ஓரம் மட்டும் சற்றே வெளியே தெரியும்படி விட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டும் லினனும் அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். பாப்லின் வழுக்கிக்கொண்டு இறங்கும். அரைக்கைச் சட்டையை விரும்புபவர்கள் கைவிளிம்பு மேற்கையின் நடுவில் முடிகிறதா, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். குடைபோல விரிந்து முழங்கையைத் தொடும் கை, நல்ல துணியையும் இரவல் வாங்கியதாகக் காட்டிவிடும்.

அளவைப் பொறுத்தவரை தோள்தான் முதன்மையானது. தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் அமர வேண்டும். பக்கவாட்டில் மிகுந்த துணியைத் தையல்காரர் எளிதாகப் பிடித்துவிடுவார், தோளைத் திருத்துவது கையை முழுவதும் பிரிக்கும் வேலை. பருத்திச் சட்டை முதல் சில துவைப்புகளில் சுருங்குவதும் உண்டு. துணியை முன்கூட்டியே இயந்திரத்தில் சுருக்கிவிடும் முறைக்குச் சான்ஃபோர்ட் கிளூயெட் 1930இல் காப்புரிமை பெற்ற பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கை நீளமும் கழுத்தளவும் மயிரிழையில் பொருந்தும் சட்டையை எடுக்காமல் சற்று இடம் விட்டு எடுப்பதே நல்லது.

இன் செய்வது, வெளியே விடுவது என்ற இரண்டையும் தவிர, டீ-சர்ட்டின் மேல் பட்டன் போடாமல் சட்டையைத் திறந்து அணிவது மூன்றாவது வழி. இங்கே சட்டை ஜாக்கெட்டின் வேலையைச் செய்வதால் துணிக்குக் கனம் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அமைந்து நிற்கும், பாப்லின் காற்றில் பறக்கும், லினன் வெயில் நாளில் மட்டும் பொருந்தும். உள்ளே இருக்கும் டீ-சர்ட் வெளிச்சட்டையைவிட நீளமாக இருக்கக் கூடாது, அதில் படமோ எழுத்தோ இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஷூவுக்கு வரும்போது தேர்வு எளிதாகிவிடுகிறது. வெளியே விட்ட சட்டைக்கும் திறந்து அணிந்த சட்டைக்கும் வெள்ளைத் தோல் ஸ்னீக்கர்; இன் செய்த சட்டைக்கும் சினோஸுக்கும் பழுப்பு லோஃபர் (கயிறில்லாத தோல் ஷூ), பெல்ட் கட்டினால் அதற்கு நெருக்கமான நிறத்தில். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ஸ்னீக்கரை எடுக்கலாம். அது இன் செய்த ஆக்ஸ்ஃபோர்டோடும் ஒத்துப்போகும், பாப்லினின் விறைப்பையும் கொஞ்சம் தளர்த்தும். அழுக்கேறிய வெள்ளை ஸ்னீக்கருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.