பாம்புக்கு ரெடிமேட் வீடு: தொட்டிக்கு நாலு நட்சத்திரம், மீதிக்கு ஒன்று கூட அதிகம்

"எல்லாம் உள்ளே இருக்கிறது, பிளக்கைச் சொருகினால் போதும்" என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கிற பாம்பு ஸ்டார்ட்டர் செட் ஒன்றை தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கினோம். அந்தப் பிளக்கையே சொருக முடியவில்லை. பெட்டிக்குள் வந்தது இரண்டு கால் பிளக், நம் ஊர்ச் சுவரில் இருப்பதோ மூன்று உருண்டைத் துளை. கடையின் பெயர் வேண்டாம், இதே மாதிரி செட் வேறு வேறு பெயரில் எல்லா இடத்திலும் கிடக்கிறது.

பாம்பு வந்த கதை சின்னது. ஆபீசில் கூட வேலை பார்த்தவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். அங்கே கார்ன் ஸ்னேக் வைத்திருக்கவே தடை, அதனால் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குத் தத்து வந்துவிட்டது. ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஆரஞ்சு நிறம், விஷம் கிடையாது, பூர்வீகம் அமெரிக்காவின் தென்கிழக்கு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் இருக்கும். மனைவியின் ஆயாதான் "பால் ஊத்துனா குடிக்குமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குடிக்காது ஆயா, ஃபிரீசரில் இருந்து எடுத்து ஐஸ் கரையவிட்ட எலிதான் தின்னும் என்று சொன்னதில் இருந்து அந்த அறைப் பக்கமே வருவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தொட்டி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம், கதவு முன்பக்கம் திறக்கிறது. மேலே இருந்து கை இறங்கினால் பருந்து வந்துவிட்டதென்று பாம்பு மிரளும், முன்னால் இருந்து போனால் அவ்வளவு பயப்படாது. பூட்டும் சரியாக விழுகிறது. வலை மூடியின் பின்பக்க இடது கிளிப் மட்டும் கொஞ்சம் ஆடியது. தலை நுழைகிற சந்து கிடைத்தால் உடம்பு முழுக்கப் போய்விடும், இந்த இனம் ராத்திரி முழுக்க மூக்கால் முட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிற இனம், அதனால் அந்த மூலையில் இன்னொரு கிளிப் வாங்கி மாட்டினேன். பாம்பு இன்னும் வளர்ந்தால் 120 செ.மீ. தொட்டி வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

இப்போது ஹீட் மேட். தொட்டியின் அடியில் ஒட்டிச் சூடேற்றுகிற கறுப்புத் தகடு, வயர், அவ்வளவுதான். சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லை! பாம்பைக் கொண்டுவருவதற்கு முன்னால் வெறும் தொட்டியில் மேட்டை ஓடவிட்டு, அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைக் காட்டிப் பார்த்தேன், மேட்டுக்கு மேலே உள்ள கண்ணாடி 45 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கார்ன் ஸ்னேக்குக்குச் சூடான பக்கம் 30, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 அளவு இருந்தால் போதும். கட்டுப்பாடு இல்லாத மேட்டின் மேலே படுத்து அடிவயிறு வெந்துபோகிற பாம்புகள் நிறைய. தொட்டியோடு வந்த முள் தெர்மாமீட்டரோ மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு சாந்தமாக 26 காட்டியது, பாம்பு படுக்கிற தரையில் என்ன நடக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

தெர்மோஸ்டாட்டைத் தனியாக வாங்கித்தான் ஆகவேண்டும். நான் எடுத்தது திருகு வைத்த சாதாரண வகை, அதுவும் யோசித்துத்தான். மலிவான டிஜிட்டல் சிலவற்றில் கரண்ட் போய்வந்தால் வைத்த அளவு மறந்துபோகும். 2024 மார்ச் கடைசிக்கு அப்புறம் லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு பெரும்பாலும் அடங்கிவிட்டது, சரி, ஆனால் கேபிள் திருட்டும் சப்-ஸ்டேஷன் கோளாறும் எங்கே போயின? எந்த வகை வாங்கினாலும் வீட்டில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பாருங்கள். சென்சார் வயரின் நுனி மேட்டுக்கு நேர் மேலே, கண்ணாடித் தரையில் இருக்கவேண்டும். அதைத் தொட்டிக்குள் டேப் போட்டு ஒட்டாதீர்கள், பாம்பின் செதில் டேப்பில் மாட்டினால் தோலோடு வரும்.

செட்டோடு வந்த வழிகாட்டித் தாளைப் படித்தால் சிரிப்புதான் வரும். தெற்கு ஜன்னல் ஓரம் வைக்காதே, வெயில் அடிக்கும் என்கிறது. ஐரோப்பாவில் சரி, நம் ஊரில் வெயில் வடக்கு ஜன்னலில் அல்லவா வருகிறது! ஈரப்பதம் தங்கட்டும், வலை மூடியில் பாதியை மூடு என்றும் சொல்கிறது. டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் மூடினால் உள்ளே பூஞ்சைதான் வளரும். இங்கே திறந்தே கிடக்கட்டும். எங்களுக்கு ஜூலைக் குளிர் ராத்திரியைவிடக் கோடைதான் கவலை, அறையே 30 டிகிரி ஆகிவிட்டால் குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இருக்காது.

சிவப்பு மணல் ஒரு மூட்டை கொடுத்திருக்கிறார்கள், வெளியே செடித்தொட்டியில் கொட்டினேன். அதற்குப் பதில் தரையில் ஆஸ்பென் மரச்சீவல் போட்டிருக்கிறது, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்ததை மட்டும் அப்பப்போ அள்ளி மாற்றவேண்டும். வாசனை அடிக்கிற பைன், சிடார் சீவல் கூடாது. சிவப்பு பல்பு கூண்டு இல்லாமல் தொட்டிக்குள் தொங்குகிற மாதிரி வருகிறது, சுற்றிப் படுத்தால் வெந்துவிடும், கழற்றிவிட்டேன்.

ஒளிந்துகொள்ள ஒரே ஒரு அரைமரக்கட்டை, இரண்டு பக்கமும் திறந்தது. பாம்புக்கு உடம்பின் நாலா பக்கமும் சுவர் இடிக்கவேண்டும், அப்போதுதான் நிம்மதியாகச் சுருளும். அதுவும் சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் பயத்தில் ஒரே இடத்தில் கிடந்து உடம்புச் சூட்டைச் சரிசெய்யாது. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா இரண்டில் ஓட்டை போட்டு, ஓரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். நம் வீடுகளில் அந்த டப்பாவைத் திறந்து உள்ளே ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது, பழைய கறிதான் இருக்கும், ஆகவே தட்டுப்பாடு இல்லை. வந்த முதல் வாரம் முழுக்கத் தொடாமல் விட்டோம், சூட்டுப் பக்க டப்பாவில் இருந்து மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் எலியை இடுக்கியில் நீட்டியதும் கப்பென்று பிடித்துக்கொண்டது.

அப்புறம் அனுமதி விஷயம். உள்நாட்டுப் பாம்பை வைத்திருக்க நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் வனவிலங்குத் துறையான எசெம்வெலோவின் பெர்மிட் வேண்டும். வெளிநாட்டு இனங்களுக்கு விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறு, எதை எடுப்பதானாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பி எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள். இங்கே பச்சையாகப் புதரில் ஓடுகிற அப்பாவிப் பாம்பைக்கூட விஷ மாம்பா என்று அடித்துவிடுவார்கள்.

செட்டுக்கு நாங்கள் கொடுத்தது நாலாயிரம் ராண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதே கடையில் அதே தொட்டியைத் தனியாகவும் தருகிறார்களாம், அலமாரியில் வைப்பதில்லை, கேட்டால்தான் உள்ளே இருந்து எடுத்துவருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள், மிச்சமாகிற காசில் ஒழுங்கான தெர்மோஸ்டாட் வந்துவிடும்.