ஆண்டர்சன் தெரு நோட்டு: சீன மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்றதா?

சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் நின்று பேசுவதுதான் என் வேலை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆரம்பித்தேன். இப்போது பெரும்பாலும் ஹைகோர்ட், ஆர்பிட்ரேஷன், எப்போதாவது எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த டேப்லெட் வாங்கலாம், எந்த ஆப் நல்லது என்று கேட்கிறார்கள். சென்னை பாரிமுனையில் இருக்கும் ஆண்டர்சன் தெருவுக்குப் போய் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள் என்பேன். முகம் வாடிவிடும்.

ஹைகோர்ட்டுக்கு எதிரே போஸ் சாலையைத் தாண்டி உள்ளே நுழைந்தால் போதும். கல்யாணப் பத்திரிகை, டைரி, ரீம் ரீமாகப் பேப்பர் என்று தெரு முழுக்க அந்த வியாபாரம்தான். (போஸ் சாலையின் பழைய பெயர் சைனா பஜார் ரோடு. எனக்குப் பொருத்தமான ஏரியாதான்.) அங்கே அட்டை வெட்டி, வைரோ (தாள்களைக் கோக்கும் கம்பி வளையம்) போட்டுத் தருகிற சின்னக் கடைகள் இருக்கின்றன. நான் போகும் கடையின் போர்டில் எழுத்து பாதி உதிர்ந்துவிட்டது. அதனால் கடையை விட்டுவிட்டு நோட்டைப் பற்றியே சொல்கிறேன்.

கடையில் கிடைக்கிற நோட்டு ஏன் போதாது? சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். மேசை கிடையாது. மொபைலை அணைத்துவிட வேண்டும். 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி சாட்சி உறுதிமொழி எடுப்பதுபோல மொழிபெயர்ப்பாளரும் எடுக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, விழுங்கவும் முடியாது. சாட்சி பாட்டுக்கு மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவார். அவர் நிறுத்தியதும் ஹாலே என்னைப் பார்க்கும். அந்த நேரத்தில் இடது கையில் நோட்டு வளைந்தால் தீர்ந்தது கதை.

அதனால் பின்னட்டை முக்கியம். 2 மில்லிமீட்டர் கிரே போர்டு என்ற கெட்டி அட்டை கேளுங்கள், மேசையே வேண்டாம். வைரோ பக்கவாட்டில் இல்லாமல் தலைப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் தினக் காலண்டர் தாளைத் தூக்குவதுபோல ஒரே தள்ளில் பக்கம் பின்னால் போகும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிக்கொண்டே போய், நோட்டு முடிந்ததும் திருப்பிப் பிடித்து மறுபக்கங்களில் எழுதி வருவேன். மை ஊறினால் பாதி நோட்டு வீண். 70 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ என்ற அச்சுத் தாளில் ஜெல் பேனா பின்பக்கம் லேசாகத் தெரிகிறது. ரெனால்ட்ஸ் 045 தெரியவே இல்லை. டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) பேப்பர் என்றார் கடைக்காரர். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையில் செய்கிறார்களே, அதுதான்.

கோடு போடாத தாள் வேண்டும், இடது ஓரத்தில் மட்டும் ஒரு நெட்டுக்கோடு. அந்த ஓரம் பெயர்களுக்கு. சீனாவில் வாங், லீ, ஜாங் என்ற குடும்பப் பெயர்கள் கோடிக்கணக்கானவர்களுக்கு உண்டு. ஒரு சப்ளை தகராறில் மேனேஜர் வாங், கணக்காளர் வாங், டிரைவர் வாங் என்று மூன்று பேர் வந்தார்கள். ஓரத்தில் ஆளுக்கொரு குறி போட்டு வைத்ததால் தப்பித்தேன். கோட்டுக்கு வலப்புறம் சொற்றொடரே இருக்காது. சதுரம் போட்டால் நாடு, அம்புக்குறி போட்டால் அனுப்பினார், பதில் முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு. எந்த மொழியிலும் எழுதாததால், அதே குறிப்பை ஹைகோர்ட்டில் ஆங்கிலமாகவும் எழும்பூரில் தமிழாகவும் சொல்லிவிடலாம்.

இந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வெளிர் சாம்பல் நிறத்தில் அச்சிட்டு வாங்கும் ஒரு வரி. சீனர்கள் பெரிய தொகையை நான்கு நான்கு இலக்கமாகப் பிரிக்கிறார்கள். பத்தாயிரம் அவர்களுக்கு ஒரு 'வான்', பத்துக் கோடி ஒரு 'யீ'. ஆங்கில ஒப்பந்தத்தில் மில்லியன் இருக்கும். நம் வக்கீல் லட்சத்தில் கேட்பார். சாட்சி "மூவாயிரத்து ஐந்நூறு வான்" என்றால் ஒப்பந்தத்தில் அது 35 மில்லியன், வக்கீலுக்கு மூன்றரைக் கோடி. மூளை களைத்த மாலை நேரத்தில் இந்தக் கணக்கை நம்பிக்கையோடு போட முடியாது. அதனால் என் அச்சு வரி இப்படி: 1 லட்சம் = 10 வான், 1 கோடி = 1000 வான், 1 யீ = 10 கோடி. வாய் திறக்கும் முன் கண் ஒருமுறை மேலே போய்வரும். முதல் தடவை இதைக் கேட்டபோது கடைக்காரர், "என்ன மேடம், ஸ்கூல் வாய்ப்பாடா?" என்றார். இப்போது நான் படியேறும்போதே, "தம்பி, அந்த வான் பிளேட்டை எடு" என்று உள்ளே குரல் கொடுக்கிறார்.

குறைகளும் உண்டு. வைரோவின் முனையை மடக்காமல் விட்டுவிடுகிறார்கள், துப்பட்டா மாட்டும். கடையிலேயே, "அண்ணே, முனையை உள்ளே மடக்கிக் கொடுங்க" என்று நின்று வாங்குங்கள். ஐப்பசி மழையில் பின்னட்டை உப்பிக்கொள்கிறது. மேலே லாமினேஷன் போட்டால் தாங்குகிறது, ஆனால் கை வியர்த்தால் வழுக்கும். ஒரு லாட்டில் அச்சு வரி கோணலாக விழுந்திருந்தது. மாற்றித் தரச் சொன்னதற்கு, "கணக்கு சரியாத்தானே இருக்கு" என்று பதில் வந்தது. கடைசியில் விலையில் கொஞ்சம் குறைத்தார்.

ஒரு நோட்டு எனக்கு 45 ரூபாய் விழுகிறது, குறைந்தது 25 எடுக்க வேண்டும். இதே வேலைக்கென்று வெளிநாட்டு நோட்டு ஒன்றைப் பத்து மடங்கு விலையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தாள் பட்டு. பட்டில் எழுதி, கேஸ் முடிந்ததும் கிழித்துப்போட மனசு வரவில்லை. ரகசியக் குறிப்புகளைக் கிழித்துத்தான் ஆக வேண்டும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கார்த்திகை, மார்கழியில் போகாதீர்கள். டைரி, காலண்டர் வேலையில் 25 நோட்டுக்காரரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை ஆரம்பித்துவிடும். ஆடி மாதம் சரியான நேரம், ரெண்டு நாளில் கையில் கிடைக்கும். வண்டி எடுத்துப் போக வேண்டாம், ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள். மாதிரிக்கு ஒரு பழைய நோட்டை எடுத்துப் போனால் பேச்சு பாதியாகக் குறையும்.