ஃபைவர்ல கஸ்டமர் பிடிக்கிறது: மட்டக்களப்புல இருந்து ஒரு ரிவியூ

வீட்ட இருந்து வேலை செய்ற ஆக்களுக்கு வேலை தெரியிறது பெரிய விசயமில்ல, வேலை தாற ஆள எங்க போய்ப் பிடிக்கிற எண்டதுதான் சரியான தலையிடி. கல்லடியில, ஆரையம்பதியில, களுவாஞ்சிகுடியில டிசைன் தெரிஞ்ச பிள்ளையள் எத்தனையோ பேர் இருக்காங்க, எல்லாரும் ஃபைவர், அதான் எங்கட வேலைய ஒன்லைன்ல போட்டு விக்கிற வெப்சைட், நல்லமா இல்லையா எண்டு கேக்குறாங்க. நான் அதுல தமிழ் டைப்செட்டிங்கும் இன்விடேசன் டிசைனும் கனகாலமா செஞ்சிட்டு வாறன். முதல் கஸ்டமரப் பிடிக்க நல்ல இடம், அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பன், ஆனா என்ன விக்கிற எண்டதப் பொறுத்துத்தான் அந்த நாலும்.

லோகோ செய்து தருவன் எண்டு ஒரு கிக் (ஃபைவர்ல நாங்க போடுற வேலை விளம்பரம்) போட்டா உலகம் முழுக்க இருக்கிற ஆக்களோட போட்டி, 5 டொலருக்கே செய்து குடுக்க ஆள் இருக்கு, அதுக்குள்ள புது அக்கவுண்ட் ஒண்ட யார் தேடிப் பிடிக்கப் போறாங்க. ஆனா டொரொண்டோவிலயும் லண்டன்லயும் இருக்கிற எங்கட சனத்துக்கு கல்யாணக் கார்ட், சாமத்தியவீட்டு பேனர், அந்தியேட்டி மலர் எல்லாம் தமிழ்ல வேணும், அங்க பிரிண்ட் பண்ற ஆளுக்கு தமிழ் வாசிக்கத் தெரியாம இருக்கும். மேட்டர அனுப்பினா "கொ" உடைஞ்சி கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், நடுவில புள்ளிப் புள்ளியா ஒரு வட்டம் வந்து நிக்கும், அந்தக் கோலத்துல அப்பா அம்மாட பேரப் பாத்தா யாருக்குத்தான் மனசு கேக்கும். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் சொப்ட்வேர்ல வேர்ல்ட் ரெடி கம்போசர் எண்ட செட்டிங்குக்கு மாத்திவிட்டா சரியாகிற சின்ன விசயம் அது. இன்னும் சில பேர் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்ட்ல அடிச்சி அனுப்புவாங்க, அத யூனிகோடுக்கு மாத்தி எழுத்துப்பிழையும் பாத்துக் குடுக்கணும். உடைஞ்ச கார்ட் ஒண்டு, திருத்தின கார்ட் ஒண்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சி கிக் படமாப் போட்ட பிறகுதான் எனக்கு மெசேஜ் வரத் தொடங்கின. ரெண்டும் நானே செஞ்ச சாம்பிள்தான், கஸ்டமர்ட கார்ட கேக்காமப் போடக்கூடாது.

மெசேஜுக்கு கெதியாப் பதில் போடுறது முக்கியம். கோடை காலத்துல டொரொண்டோ எங்களுக்கு ஒம்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, அங்க ராச்சாப்பாடு முடிச்சிட்டு 9 மணிக்கு ஒராள் எழுதினா இஞ்ச விடிய ஆறரை, அதால நான் எழும்பின உடன தேத்தண்ணிக்கு முன்னமே போன்ல ஃபைவர் ஆப்-ஐத்தான் பாக்குற.

இனி காசு. ஃபைவர் 20 வீதம் எடுக்கும், 25 டொலர் ஓடர்ல கைக்கு 20, டிப்ஸ் தந்தாலும் அதே வெட்டுத்தான். வேலையக் குடுத்த பிறகு கஸ்டமர் ஒண்டும் சொல்லாட்டி 3 நாள்ல ஓடர் தானா முடியும், மறுகா புது ஆக்களுக்கு காசு 14 நாள் நிக்கும், அதால இந்த மாசம் கரண்ட் பில் கட்டுற காசு எண்டு அத நம்பி இருக்க ஏலாது. அந்த ஒரு ஸ்டார் அதுக்குத்தான் வெட்டினன். எண்டாலும் வேலை தொடங்க முதலே கஸ்டமர் காசு கட்டியாகணும், அது எனக்குப் பெரிய நிம்மதி. உள்ளூர்ல ஒரு இடத்துக்கு டிசைன் எல்லாம் முடிச்சிக் குடுத்துட்டு இண்டைக்கு நாளைக்கு எண்டு அலைஞ்ச ஆளுக்குத்தான் அந்த அருமை விளங்கும்.

ஃபைவர் மாதிரி அப்வேர்க் எண்ட வெப்சைட்டும் இருக்கு, அங்க வேலைய கஸ்டமர் போடுவார், நாங்க கனெக்ட்ஸ் எண்ட டோக்கன் குடுத்து அப்ளை பண்ணணும், கையில இருக்கிற கனெக்ட்ஸ் முடிஞ்சா காசுக்குத்தான் வாங்கணும். நீண்டநாள் வேலை தேடுற ஆக்களுக்கு அது பொருத்தம், கையில கொஞ்ச ரிவியூ சேர்ந்த பிறகு போங்க. டேட்டா என்ட்ரி வேலை தாறம், சேர்றதுக்கு இவ்வளவு கட்டுங்க எண்டு வாட்ஸ்அப்ல வாறதுக்கு மட்டும் சதம் கூடக் குடுத்துடாதீங்க, வேலை தாற ஆள் உங்களிட்ட காசு கேக்கமாட்டார்.

என்ட ஓடர்ல கூடுதலானது பழைய ஆக்கள்தான். கல்யாணக் கார்ட் செய்த வீட்டுல மறுகா பிள்ளைட பேர்த்டே வரும், அவங்கட மச்சாளுக்கு ஒண்டு வரும். நம்பரத் தாங்க, வெளியால காசு போடுறன் எண்டு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, அது ஃபைவர் சட்டத்துக்கு மாறு, அக்கவுண்டையே மூடிடுவாங்க, சேர்த்த ரிவியூ எல்லாம் அதோட போயிடும்.

கடைசியா, ஃபைவர்ல சேர்ந்த காசக் கைக்கு எடுக்கிற விசயம். பேபால்ல இலங்கையில இருந்து காசு கட்டலாம், வாங்க ஏலாது, அதால வெளிநாட்டுக் காசு வாங்கிற பயோனியர் எண்ட ஒன்லைன் சேவையில அக்கவுண்ட் தொறந்து அதுல இருந்து பேங்குக்கு எடுக்கணும். பயோனியர்ல இருக்கிற பேரும் பேங்க் அக்கவுண்ட் பேரும் ஒண்டா இருக்கணும். எங்கட ஆக்களுக்கு ஐடென்டி கார்ட்ல தகப்பன்ட பேர் முழுசா இருக்கும், பாஸ்புக்ல இனிசியல் மட்டும் இருக்கும், அப்படி எண்டா முதல்ல பேங்குக்குப் போய் முழுப்பேரையும் போடுவிச்சிட்டு மறுகா பயோனியரத் தொறங்க.