ஆர்த்ரோகிராம் ஊசி: 73040-ஆ, 77002-ஆ, 20610-ஆ?

கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது வீட்டிலிருந்தே அமெரிக்க சார்ட் கோடு செய்கிறார்கள், அதாவது அங்குள்ள நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் பில்லுக்கான எண்களாக (கோடு) மாற்றுகிறார்கள். நர்சிங், பிசியோதெரபி படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்கள். ரேடியாலஜிக்கு மாறியதும் மூட்டுக்குள் போடும் ஊசியில் தடுமாறுகிறார்கள். காரணம் புரிகிறது. கரைவலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை தேய்ந்தவருக்கு நம் ஊரில் ஊசி, மருந்து, படம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் பேக்கேஜ் கணக்குதான். அமெரிக்க இன்சூரன்ஸ் கிளைமில் அப்படி இல்லை. ஊசி போட்டதற்கு ஒரு கோடு, ஊசி சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்த்ததற்கு ஒன்று, படத்தைப் படித்து எழுதியதற்கு ஒன்று. இவற்றில் எது எதோடு சேரும் என்பதில்தான் மூன்று வழிகள் மோதிக்கொள்கின்றன. தோளை வைத்தே பார்ப்போம்.

முதல் வழி, தோளில் டை ஏற்றும் ஊசிக்கான 23350-உடன், ஆர்த்ரோகிராம் படத்தைப் படித்ததற்கான 73040. இது பழைய, முழுமையான ஆர்த்ரோகிராம். மூட்டுக்குள் டை (படத்தில் தெளிவாகத் தெரியும் காண்ட்ராஸ்ட் திரவம்) ஏற்றி, எக்ஸ்ரே படங்கள் எடுத்து, டை எங்கே கசிகிறது, தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று ரேடியாலஜிஸ்ட் படித்து எழுதியிருக்க வேண்டும். ஃப்ளூரோ (ஊசி போவதை நேரடியாகக் காட்டும் எக்ஸ்ரே) பார்த்தது 73040-க்குள்ளேயே அடக்கம். மேலே ஃப்ளூரோ வழிகாட்டலுக்கான 77002 போட்டால் டினையல்தான், கிளைமை மறுத்துவிடுவார்கள்.

இரண்டாவது வழி, 23350, 77002, அப்புறம் காண்ட்ராஸ்டோடு எடுத்த எம்.ஆர்.ஐ.க்கான 73222. இன்று பெரும்பாலும் கைக்கு வருவது இந்த சார்ட்தான். அதன் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “ஃப்ளூரோ வழிகாட்டலில் ஊசி மூட்டுக்குள் செலுத்தப்பட்டது. கொஞ்சம் அயோடின் காண்ட்ராஸ்ட் விட்டு இடம் உறுதி செய்யப்பட்டது. பிறகு நீர்த்த கேடோலினியம் 12 மி.லி. ஏற்றப்பட்டது. நோயாளி எம்.ஆர்.ஐ. அறைக்கு அனுப்பப்பட்டார்.” இதில் எக்ஸ்ரே படத்தைப் படித்துச் சொன்ன முடிவு எங்கே இருக்கிறது? இல்லை. ஃப்ளூரோ ஊசிக்கு வழி காட்டியது, அவ்வளவுதான். ஊசி நின்ற இடத்துக்கு ஒரு படம் சேமித்து வைத்தார்கள் என்பதற்காக அது ஆர்த்ரோகிராம் ஆகிவிடாது. ஆகவே 73040 வராது, 77002 வரும். 2017-இலிருந்து 77002 ஆட்-ஆன் கோடு. 23350 போன்ற ஒரு மூலக் கோடு இல்லாமல் தனியாக நிற்காது.

இங்கேயே இன்னொரு கேள்வி வரும். இரத்தக் குழாயில் காண்ட்ராஸ்ட் போகவில்லையே, இது ‘காண்ட்ராஸ்ட் இல்லாத’ 73221 தானே? இல்லை. மூட்டுக்குள் போன கேடோலினியமும் காண்ட்ராஸ்ட்தான். டை ஏற்றிய பிறகு மட்டும் படம் எடுத்திருந்தால் 73222. எம்.ஆர்.ஐ.க்குப் பதில் சி.டி. என்றால் 73201.

மூன்றாவது வழி 20610. இதன் நோக்கமே வேறு, வலிக்கு மருந்து போடுவது. ஸ்டீராய்டு போடும்முன் இடம் தெரிய ஒரு சொட்டு டை விட்டாலும் இது 20610-தான். ஃப்ளூரோ பார்த்திருந்தால் கூடவே 77002. அல்ட்ராசவுண்ட் என்றால் 20611, அதுவும் படம் சேமித்து ரிப்போர்ட்டும் எழுதியிருந்தால் மட்டுமே.

இந்தக் குழப்பம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. முழங்கால் ஆர்த்ரோகிராம் ஊசிக்கு முன்பு 27370 இருந்தது. வெறும் மருந்து ஊசிக்கும் அதையே போட்டுத் தள்ளியதால் அதன் எண்ணிக்கை கண்டபடி ஏறியது. கடைசியில் 2019-இல் அதை எடுத்துவிட்டு 27369 கொண்டுவந்தார்கள். காண்ட்ராஸ்ட் ஆர்த்ரோகிராபிக்கான ஊசி என்று புதிய விளக்கத்திலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். ஒரு கோடைத் தவறாகப் போட்டால் ஒரு கிளைம் திரும்புவதோடு போகாது, கோடே மாறிப்போகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

என் தீர்ப்பு கேட்டால், டார்கெட் அவசரத்தில் முதல் வழிக்கும் இரண்டாவது வழிக்கும் நடுவே சந்தேகம் வந்தால் இரண்டாவதையே நம்புங்கள். ஆர்த்ரோகிராம் முடிவு ரிப்போர்ட்டில் தனியாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் 73040 பக்கம் போங்கள். சார்ட் தலைப்பில் ‘ஆர்த்ரோகிராம்’ என்று இருப்பதை வைத்து முடிவெடுக்கவே வேண்டாம். மருத்துவமனைக் கருவியில் வேலை பார்க்கும் ரேடியாலஜிஸ்டுக்கு 77002, 73222 இரண்டிலும் 26 மாடிஃபையர் (மருத்துவரின் பங்குக்கு மட்டும் பில் என்று காட்டும் கூடுதல் குறி) வரும், 23350-க்கு வராது. எந்தப் பக்கத் தோள் என்பதற்கு ஆர்.டி. (வலது) அல்லது எல்.டி. (இடது).

மற்ற பெரும்பாலான மூட்டுகளிலும் இதே கணக்குதான், எண்கள்தான் மாறும். இடுப்பில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே ஊசிக்கே இரண்டு கோடு, மயக்கம் இல்லாமல் 27093, மயக்கத்தோடு 27095. தோல் மரத்துப்போக லிடோகெய்ன் போட்டார்கள் என்ற ஒன்றை மட்டும் வைத்து 27095-க்குப் போகாதீர்கள்.