பாய்மர வேலை: ரிக்கரிடம் விடுவதா, நாமே பார்ப்பதா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில், மாண்ட்வாவிலிருந்து மும்பையின் கேட்வேயை நோக்கிப் பாய்மரப் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை நேரத்து வடமேற்குக் கடற்காற்று நன்றாக ஏறியிருந்தது. படகு சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளில் காற்றடிக்கும் பக்கத்துக் கம்பி ஒன்று அடிமுனையில் அறுந்து, மரத்தின் உச்சியிலிருந்து தொங்கி ஆடியது. சுக்கானில் இருந்த மைத்துனன் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் படகைத் திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்கினான். பாரம் நல்ல கம்பிக்கு மாறியது. பாயை இறக்கி, அதை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றை அறுந்த கம்பி இருந்த இடத்தில் இழுத்துக் கட்டி, எஞ்சினில் கரை சேர்ந்தோம். பாய்மரம் பிழைத்தது.

அந்தக் கம்பிகள் போட்டு நான்கு பருவங்கள்தான் ஆகியிருந்தன. போட்டவர் பழகிய, நேர்மையான ரிக்கர், அதாவது பாய்மரமும் கம்பிகளும் பூட்டித் தரும் தொழிலாளி. அடுத்த முறையும் அவரையே அழைப்பதா, நாமே செய்வதா என்ற கேள்வி அன்றிரவு செம்பூரில் சாப்பாட்டு மேசையிலேயே எழுந்துவிட்டது. "அத்தான், இது உயிர் சமாச்சாரம். தெரிந்தவர் கையில் விடுவோம்" என்றான் மைத்துனன். நான் மறுத்தேன். நாங்களே செய்தோம். இன்று யாராவது கேட்டால் அதையே சொல்வேன், சில நிபந்தனைகளோடு.

எங்கள் படகு 22 அடி, கண்ணாடியிழை உடல், ஒற்றை அலுமினியப் பாய்மரம். மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டுவதுபோல இந்த மரத்தை ஆறு கம்பிகள் பிடித்து நிறுத்துகின்றன: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு. நான் சொல்லப்போவது இந்த அளவுப் படகுகளுக்கு மட்டுமே.

செலவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நாமே செய்தால் குறையும். எங்களுக்கு, ரிக்கர் கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் ஆனது. கருவிகளை முதல் முறை வாங்க வேண்டியிருந்ததால் மிச்சம் பெரிதாகத் தெரியவில்லை. நேரமும் மும்பையில் ஒரு பிரச்சினை அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தத் துறைமுகத்தில் எங்களைப் போன்றவர்கள் பாய் விரிப்பதில்லை. மே மாதக் கடைசியில் படகு கரையேறுகிறது, மரமும் கீழே இறங்குகிறது. குளிர்நாடுகளில் சிலர் ஆண்டுக்கணக்கில் மரத்தை இறக்காமலே வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை என்றால் கயிற்று நாற்காலியில் உச்சிக்கு ஏற வேண்டும். இங்கே மழை அந்த ஆபத்தை எங்களுக்கு மிச்சப்படுத்திவிடுகிறது. நான்கு மாதங்கள் மரம் இரண்டு முக்காலிகள்மேல் இடுப்புயரத்தில் கிடக்கிறது. உச்சிக் கப்பியையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. கம்பி எங்கே அறுந்தது என்பதுதான் அது.

கம்பியின் நடுவில் அறவில்லை. முனையில் அறுந்தது. ரிக்கர்கள் வழக்கமாகப் போடும் முனைக்கு ஸ்வேஜ் என்று பெயர். கம்பியின் நுனியை எஃகுக் குழாய் ஒன்றுக்குள் நுழைத்து, இயந்திரத்தில் கொடுத்து இறுக்கி நசுக்கிவிடுவார்கள். குழாயும் கம்பியும் ஒன்றாகிவிடும். புதிதாக இருக்கும்போது கம்பிக்கு ஈடான வலிமை அதற்கு உண்டு. பார்க்கவும் அழகு. ஆனால் ஒருமுறை நசுக்கியதைத் திறக்க முடியாது.

துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குவதுதான். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் படலம் தானே மூடிக்கொள்ளும். காற்று புகாத இடுக்கில் உப்புநீர் தங்கினால் படலம் அழியும், மறுபடி உண்டாகாது. உப்பு உள்ளிருந்து தின்னத் தொடங்கும். நம் வீடுகளில் இது தெரியாத விஷயமே அல்ல. எவர்சில்வர் டப்பாவில் கல்லுப்பைக் கொட்டிவைக்க அம்மா விட மாட்டார். உப்புக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் ஜாடிதான். புள்ளி புள்ளியாக அரித்துப்போகும் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

பாய்மரக் கம்பியில் நடப்பதும் அதுதான். கடல்நீர்த் துளி கம்பி வழியே கீழே இறங்கி, அடிமுனைக் குழாயின் வாயில் நின்றுவிடுகிறது. மேல்முனையில் குழாயின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் நீர் வடிந்துவிடும். எனவே பழுது பெரும்பாலும் அடிமுனையில் வருகிறது. வெயில் நீரை ஆவியாக்கி உப்பைச் செறிவாக்குகிறது, வெப்பம் அரிப்பை விரைவுபடுத்துகிறது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கம்பிகளை மாற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொல்லும் கணக்கை வெப்பக் கடலில் அப்படியே நம்பக் கூடாது என்பதை எங்கள் கம்பி காட்டிவிட்டது.

அறுந்த முனையை வீட்டுக்குக் கொண்டுவந்து வாளால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே பளபளப்பு, உள்ளே பழுப்புப் பொடி. அந்தப் பருவத் தொடக்கத்தில்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தோம். சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்து விரிசல் தேடும் முறையிலும் அது பிடிபட்டிருக்காது. அந்தச் சோதனை வெளிப்பரப்பில் திறந்திருக்கும் விரிசலைத்தான் காட்டும்.

என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். (இங்கே கோலி மீனவர்கள் தண்டேல் என்கிறார்கள், இரண்டும் ஒரே சொல்தான்.) அவர் காலத்தில் மரத்தைப் பிடித்திருந்தது கயிறு. கயிறு தன் பலவீனத்தை மறைக்காது. நார் பிரியும், நிறம் மாறும், உள்ளங்கையில் ஓட்டினாலே தெரிந்துவிடும். தினமும் காலையில் கயிறுகளைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தோணியை எடுப்பார் என்று அப்பா சொல்வார். எங்கள் கம்பியிலும் அப்படிப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்றே தேடினேன்.

வழி இருக்கிறது. திருகி மூடும் முனை. இதற்கு இயந்திரம் தேவையில்லை; இரண்டு ஸ்பேனர்கள் போதும். 19 இழைக் கம்பியில் நடுவே ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு. வெளியிழைகள் பன்னிரண்டையும் மெல்லப் பிரித்து, உள்ளே இருக்கும் ஏழின்மேல் ஒரு சிறு கூம்பை ஏற்றி, இழைகளை மறுபடி கூம்பைச் சுற்றிப் படியவைத்து, மேலே மூடியைத் திருக வேண்டும். இழுவை கூடக்கூடக் கூம்பு இறுகும். உள்ளே நீர் புகாமல் கடற்பசையை நிரப்பி முடிக்க வேண்டும். முதல் முனைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆறாவதை இருபது நிமிடங்களில் முடித்தேன்.

இதன் பெரிய நன்மை, எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதுதான். மேல்முனைகள் ஆறும் நசுக்கிய முனைகளாகவே வந்தன. அடிமுனைகள் ஆறு மட்டும் எங்கள் கைவேலை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரண்டைத் திறந்து பார்க்கிறோம். மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று முடியும். திறக்கும்போதெல்லாம் புதுக் கூம்பு போட வேண்டும். மற்ற பாகங்களைத் திரும்பப் பயன்படுத்தலாம். சென்ற ஜூனில் திறந்தவற்றில் ஒன்று சுத்தமாக இருந்தது. மற்றொன்றில் பசை சுருங்கி, இரண்டு இழைகளுக்கு நடுவே பழுப்புக் கோடு ஓடியிருந்தது. ஒரே பருவத்தில்! நசுக்கிய முனையாக இருந்திருந்தால் அந்தக் கோடு யார் கண்ணிலும் பட்டிருக்காது. நுனியில் ஒரு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு, கம்பியைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளில் மீதமிருந்த நீளத்தைக் கொண்டு ஈடுகட்டி, புதிதாகப் போட்டோம்.

ரிக்கரிடமே திருகுமுனை போடச் சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம். நன்றாகவே போட்டுத் தருவார். ஆனால் ஆண்டுதோறும் திறந்து பார்க்க யார் வருவார்? செப்டம்பரில் எல்லாப் படகுக்காரர்களும் அவரைத்தான் தேடுகிறார்கள். இரண்டு முனைகளைத் திறந்து மூடுவதற்காக அவரை வரவழைப்பது நடைமுறையில் தள்ளிப்போகும், பிறகு மறந்தும்போகும். திறக்கக்கூடிய முனையைப் போட்டுவிட்டுத் திறக்காமலே வைத்திருந்தால் அதற்கும் பழைய முனைக்கும் என்ன வேறுபாடு?

கம்பி வாங்குவதில் கவனம் தேவை. கடலுக்கு வேண்டியது 316 வகை எஃகு. அதில் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்பை எதிர்ப்பதற்கு அது உதவுகிறது. சமையலறைப் பாத்திரத்துக்குப் பெரும்பாலும் பயன்படும் 304இல் அது சேர்க்கப்படுவதில்லை. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. நாக்தேவி தெருவிலும் தாருகானாவிலும் ஸ்பேனர், ஷாக்கிள், கயிறு எல்லாம் வாங்கினோம். கம்பியை மட்டும் தரச்சான்று இல்லாமல் வாங்கவில்லை. மாலிப்டினத்தைக் கண்டறியும் சொட்டு மருந்தும் கிடைக்கிறது, அதையும் போட்டுப் பார்த்தோம்.

அலுமினியப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். எஃகுத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் உப்புநீர் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஒவ்வொன்றையும் கழற்றித் தடுப்புப் பசை தடவி மாட்ட வேண்டும். மரத்தின் அடியில் நீர் வடியும் துளையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

ரிக்கரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு கம்பியை நான்கு சென்டிமீட்டர் குறைவாக வெட்டினோம். பழைய கம்பியைத் தரையில் தளர்வாகக் கிடத்தி அளந்தது தவறு. இழுத்துப் பிடித்து அளந்திருக்க வேண்டும். அந்தக் கம்பி முழுவதும் வீண். ரிக்கராக இருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. மரத்தை நிறுத்திய பிறகு ஆறு கம்பிகளையும் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவருவதில் அவருக்கு இருக்கும் கைப்பழக்கம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. இழுவை அளக்கும் கருவியை வைத்து ஒரு நாள் முழுக்க நாங்கள் செய்ததை, கம்பியை விரலால் தட்டியபடியே அவர் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார். அதனால் மரம் நிறுத்தும் நாளுக்கு மட்டும் அவரையும், கயிறு பிடிக்க மூன்று கலாசிகளையும் அழைக்கிறோம். எங்கள் முனைகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மரத்தைத் தூக்கச் சொல்கிறார். அந்தப் பார்வைக்குக் கொடுக்கும் கூலி எனக்கு வீணாகத் தெரியவில்லை.

மரத்திலேயே விரிசல் விழுந்தால் எங்கள் வேலை அங்கே நின்றுவிடும். கடினப்படுத்திய அலுமினியத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றி வலிமை வெகுவாகக் குறையும். எங்கே ஒட்டு வைப்பது, எங்கே மரத்தையே மாற்றுவது என்பது அனுபவசாலியின் தீர்ப்பு. கார்பன் மரம், முப்பது அடிக்கு மேற்பட்ட படகு, பழைய மரப் பாய்மரங்கள் ஆகியவற்றில் எனக்கு அனுபவம் இல்லை. காப்பீடு எடுத்திருப்பவர்கள் சொந்தக் கைவேலையை நிறுவனம் ஏற்குமா என்று முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கடலில் உதவிக்கு யாரும் வர மாட்டார்கள், எனவே எல்லாவற்றையும் நாமே கற்க வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். 2018 செப்டம்பரில், தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் போட்டியில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டுக் கிடந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியை உதாரணம் காட்டுவார்கள். மாண்ட்வா போய் மாலையில் திரும்பும் எங்களுக்கு அந்த வாதம் பொருந்தாது. உதவி எப்போதும் கூப்பிடு தூரத்தில்தான். அதற்காக நான் இந்த வேலையைக் கையில் எடுக்கவில்லை. இப்போது மைத்துனனின் மகளும் எங்களோடு வருகிறாள், மரத்தடியில்தான் உட்கார்ந்துகொள்வாள். அவள் தலைக்கு மேலே இருக்கும் பாரத்தை எது பிடித்திருக்கிறது என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஜூனில் திறக்க வேண்டியவை வலப்பக்கத்து இரண்டு முனைகள். கூம்புகள் வந்துவிட்டன. பசை மட்டும் வாங்க வேண்டும். சென்ற முறை சுருங்கிய வகை வேண்டாம் என்று மைத்துனன் சொல்லிவிட்டான்.