டாட், பெனட்ராட்டின்: சவ்வைத் தாண்டுவதில் எது கெட்டி?

செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே சரக்கு (மருந்து, புரதம் போன்றவை) ஏற்றிப் போகும் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, என்றால் முதலில் அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று, எச்ஐவியின் டாட் புரதத்திலிருந்து எடுத்த துண்டு: 11 அமினோ அமிலங்கள், 8 நேர்மின்சுமைகள். இன்னொன்று, பழ ஈயின் ஆண்டெனபீடியா புரதத்திலிருந்து 1994-ல் வந்த பெனட்ராட்டின்: 16 அமினோ அமிலங்கள், 7 சுமைகள். கணக்கில் இரண்டும் ஒரே ரகம்தான். சவ்வுக்கு முன்னால் நிறுத்தினால் குணம் வேறு.

டாட்டின் பலம் ஆறு ஆர்ஜினின்கள்; நேர்மின்சுமை உள்ள அமினோ அமிலம் இது. லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்துக்கும் அதே ஒற்றைச் சுமைதான். ஆனால் ஆர்ஜினினின் குவானிடினியம் முனை, சவ்வுக் கொழுப்பின் பாஸ்பேட்டை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒரே நேரத்தில் கவ்வும். ஒன்பது ஆர்ஜினின் கோத்த சங்கிலி செல்லுக்குள் நன்றாகப் போக, ஒன்பது லைசின் சங்கிலி பின்தங்குவதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் நீரை வெறுக்கும் பகுதி டாட்டில் இல்லாததால், அது பெரும்பாலும் சவ்வின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும்.

பெனட்ராட்டினிடம் இரண்டு டிரிப்டோபன்கள் உண்டு; தானே ஒளிரும் அமினோ அமிலம் இது. எதிர்மின் கொழுப்பு கலந்த லிப்போசோமோடு (கொழுப்பால் செய்த செயற்கைக் குமிழ்) சேர்த்தால், அவற்றின் ஒளிர்வு நீலப் பக்கம் நகரும். நீரை விட்டுவிட்டுக் கொழுப்புக்குள் புதைகிறது என்று அர்த்தம். கூடவே பெப்டைடு சுருள் வடிவம் எடுக்கும். கொழுப்புக்கு மிஞ்சிய அளவில் பெப்டைடைக் கொட்டினால் பீட்டா தாள் என்ற தட்டை வடிவமாக மாறும். நடுநிலைக் கொழுப்பு மட்டும் என்றால் ஒட்டுவதே குறைவு.

இங்கேதான் லிப்போசோம் முடிவுகளை அப்படியே செல்லுக்குப் பொருத்த முடியாது. நம் செல்களில் எதிர்மின் கொழுப்பான பாஸ்பாடிடைல்செரின் பெரும்பாலும் உட்புற அடுக்கில் இருக்கிறது. வெளியே பெப்டைடை முதலில் பிடிப்பது ஹெப்பரான் சல்பேட் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள். அப்புறம் செல்லே அதை எண்டோசோம் என்ற சிறு பைக்குள் விழுங்கும். அதிலிருந்து வெளியேறுவதுதான் பெரிய சிக்கல். டாட் கட்டிய புரதங்களில் பெரும்பங்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

குளவி விஷப் பெப்டைடை ஒட்டிச் செய்த டிரான்ஸ்போர்ட்டான் இரண்டையும்விட ஆழமாக இறங்கும். கூடவே சவ்வை ஒழுகவும் வைக்கும். அதை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

சவ்வு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டுமா, பெனட்ராட்டின்தான். ஒளிரும் அடையாளம் அதனுள்ளேயே இருக்கிறது. சரக்குதான் முக்கியம் என்றால் டாட் அல்லது ஆர்ஜினின் சங்கிலி. எதை எடுத்தாலும் செல்லை ஃபார்மலினில் பதப்படுத்திவிட்டுப் படம் எடுக்காதீர்கள். வெளியே ஒட்டியிருந்த பெப்டைடு அப்போதுதான் உள்ளே பரவுகிறது என்று 2003-ல் தெரிந்துவிட்டது. உயிருள்ள செல்லை, புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினால் கழுவி, வெளியே ஒட்டியதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.