எட்டயபுரம் போகிறவர்களுக்கு: பாரதி பிறந்த வீடும் மணிமண்டபமும்

சாத்தூரில் அம்மா வீட்டுக்கு வந்தால் குலதெய்வம் கோயில், கல்யாண வீடு, பல் டாக்டர் என்றே லீவு ஓடிவிடும். இந்தத் தடவை மகளுக்கு எட்டயபுரத்தைக் காட்டியே தீருவது என்று இருந்தேன். மெல்போர்னில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாரதி பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அந்த மனிதர் பிறந்த ஊர் ஆச்சி வீட்டுக்கு இவ்வளவு பக்கம் என்பது அவளுக்குத் தெரியாது.

கிளம்பும் முன்பே ஒரு டிராவல்ஸில் கார் பேசி முன்பணமும் அனுப்பியிருந்தேன். கார் வரவே இல்லை. போன் போட்டால், "இந்தா, வந்துக்கிட்டே இருக்கு சார்" என்ற ஒரே பதில். சித்தப்பாதான், "எதுக்குப்பா காரு? கோவில்பட்டியில பஸ் மாறினா போச்சு" என்றார். அப்படியே செய்தோம். கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் வசதி. கோவில்பட்டியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். வெளிநாட்டு கார்டை மட்டும் நம்பி வராதீர்கள். டீக்கடையில்கூட ஜிபே இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

பஸ்ஸில் போனதும் நல்லதாகப் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டைக் காட்டி, பாரதியின் அப்பா சின்னசாமி ஐயர் பருத்தியை நம்பி ஆலை வைத்து நொடித்துப்போன கதையைச் சித்தப்பா சொல்லிக்கொண்டு வந்தார். 1898இல் அவர் இறந்தபோது பாரதிக்கு 15 வயது. அதற்குப் பிறகுதான் காசிக்குப் போகிறார். இதைக் கேட்டுவிட்டு அந்த வீட்டுக்குள் நுழைவது வேறு மாதிரி இருக்கிறது.

1882 டிசம்பர் 11 அன்று அவர் பிறந்த இடத்தில் மார்பளவுச் சிலை ஒன்று வைத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் படங்கள். அவசரமாகச் சுற்றினால் சீக்கிரம் முடிந்துவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அங்கிருந்த ஒரு அம்மா, "பாப்பாவுக்குத் தமிழ் வாசிக்க வருமா?" என்று கேட்டு, படத்துக்குக் கீழே இருந்ததை மகளை எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தார். அவள் திக்கினால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார், மிச்சத்தை அவளே சொல்லும்வரை காத்திருப்பார். பாரதியும் செல்லம்மாவும் சேர்ந்திருக்கும் படத்துக்கு வந்ததும், "கல்யாணத்தப்ப இவருக்கு 14, இந்த அம்மாவுக்கு 7" என்றார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னைவிடச் சின்னப் பொண்ணாப்பா?" பாரதி இறந்த பிறகு அதே செல்லம்மா அவருடைய எழுத்துகளைப் புத்தகமாகப் போட முன்வந்ததைச் சொன்னேன். அங்கேயே நின்று நிறையக் கேட்டாள். எந்த வகுப்பிலும் இதை அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்திருக்க முடியாது.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முதல்நாளே கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள். நாம் சொன்னால்தான் அவர்களுக்கு அந்தப் படங்கள் பேசும்.

மணிமண்டபம் வேறு இடம். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கல்கி முன்னின்று, மக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டியது இது. 1947இல் ராஜாஜி திறந்துவைத்தார். சுதந்திரம் வந்துவிட்டதாகவே பாடிவிட்டுப் போனவருக்கு, அது வந்த வருடத்திலேயே மண்டபம் திறந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

நேரம் இருந்தால் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் தர்காவும், முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இதே ஊரில்தான். நாங்கள் மூன்று பேரும் இரண்டுக்கும் போனோம். வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்றால் காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம்.